வானம் தோண்டிவிட்டால் தடையில்லை

ஒருவர் உழைத்து வரைந்த வீட்டு வரைபடத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டுபோய், வரைந்தவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் மனையில் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டத் தொடங்கிவிட்டால், அந்தக் கட்டுமானத்தை நிறுத்தும்படி இந்திய நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற முடியாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: பதிப்புரிமையை மீறும் கட்டடத்தின் வேலை தொடங்கிவிட்ட பிறகு, உரிமைக்காரர் அதைத் தடுக்கவும் கோர முடியாது, இடிக்கவும் கோர முடியாது. போதாக்குறைக்கு, பதிப்புரிமை மீறலுக்குச் சிறைத்தண்டனை விதிக்கும் 63ஆம் பிரிவின் விளக்கக் குறிப்பு, அத்தகைய கட்டடத்தைக் கட்டுவது அந்தப் பிரிவின்படி குற்றமாகாது என்று விலக்கும் அளிக்கிறது. திரைப்படத்தைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்தவர் சிறைக்குப் போகலாம். வீட்டைப் பிரதி எடுத்தவரோ, மிஞ்சிப்போனால் நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டுக் கிரகப்பிரவேசம் நடத்தலாம்.

இது தெரியாமலேயே என் தொழிலான கட்டடக்கலையில் பலர் "கேஸ் போட்டு நிறுத்திவிடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவேதான் இந்த நீண்ட பதிவு.

சட்டம் நமக்கு ஒன்றுமே தரவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கலைத்தன்மையோ வடிவமைப்போ உள்ள கட்டடமும் அதன் மாதிரியும் கட்டடக்கலைப் படைப்பு என்று அதே சட்டம் ஏற்கிறது. தாளில் வரைந்த வரைபடம் தனியாக ஒரு கலைப் படைப்பாகவும் பாதுகாக்கப்படுகிறது. தாளில் இருப்பதை முப்பரிமாணத்தில் எழுப்புவதும் பிரதி எடுப்பதாகவே கொள்ளப்படும். படைத்தவரின் ஆயுளுக்கும், அதன் பிறகு 60 ஆண்டுகளுக்கும் இந்த உரிமை நீடிக்கிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்ற கட்டாயமும் இல்லை. எழுத்தளவில் பார்த்தால் ஓவியருக்கும் நமக்கும் அதிக வேறுபாடு இல்லை. உரிமையை நிலைநாட்டப் போகும்போதுதான் சட்டம் நம்மைத் தனியாக ஒதுக்கி நிறுத்துகிறது.

எதற்கு உரிமை உண்டு, எதற்கு இல்லை என்பதையும் நம்மவர்கள் நேர்மையாகப் பார்க்க வேண்டும். நடுவில் முற்றம், முன்னால் திண்ணை, மங்களூர் ஓடு, ஆத்தங்குடித் தளக்கல் ஆகியவற்றை ஒரு வீட்டில் சேர்த்துவிட்டு, அடுத்த தெருவில் அதே சேர்க்கையைக் கண்டதும் "என் டிசைனைத் திருடிவிட்டார்கள்" என்று பதிவு போடுவது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது. அவையெல்லாம் செட்டிநாட்டிலிருந்து நாம் அனைவரும் எடுத்துக்கொண்டவை. கட்டும் முறைகளுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 13ஆம் பிரிவே வரையறுக்கிறது; அது சரியான வரையறை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய, செங்கலை நெட்டாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையை யாரேனும் சொந்தம் கொண்டாடியிருந்தால், எத்தனையோ எளிய குடும்பங்கள் குறைந்த செங்கல்லில் சுவர் எழுப்பியிருக்க முடியாது. பாதுகாக்கப்பட வேண்டியது, குறிப்பிட்ட ஒரு மனையின் திசைக்கும் காற்றுக்கும் குடும்பத்துக்கும் ஏற்ப ஒருவர் அறைகளை அமைத்த ஒழுங்கும், முகப்பைப் பிரித்த விதமும், வெளிச்சத்தை உள்ளே கொண்டுவந்த வகையுமே.

வாடிக்கையாளர்களோடு வரும் பெரும்பாலான தகராறுகளின் வேர், "காசு கொடுத்துவிட்டேன், பிளான் என்னுடையது" என்ற நம்பிக்கை. சம்பளத்துக்கு வேலை செய்பவர் வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாத வரையில், அவருடைய நிறுவனத்துக்குச் சொந்தம். ஆனால் கட்டணம் பெற்றுத் தனியாகத் தொழில் செய்யும் கட்டடக் கலைஞர் வரைந்தது, எழுதிக் கொடுத்தாலொழிய, அவருக்கே சொந்தம். வாடிக்கையாளருக்குக் கிடைப்பது அந்த மனையில் அந்தக் கட்டடத்தை எழுப்பிக்கொள்ளும் அனுமதி. அதே பிளானை மச்சினன் மனையிலும் கட்ட வேண்டுமானால், அல்லது ஒரு பில்டர் அதையே பத்து மனைகளில் கட்டி விற்க வேண்டுமானால், புதிதாக அனுமதி பெற வேண்டும். இதை முதல் சந்திப்பிலேயே விளக்குவதற்கு நாம் கூச்சப்படுகிறோம். கட்டணம் பேசவே கூச்சப்படுகிறவர்கள் உரிமையைப் பற்றி எங்கே பேசப்போகிறோம்?

நம் ஊர்களில் இந்தத் திருட்டு நடக்கும் முறை எல்லோரும் அறிந்ததே. வருகிறவர் இரண்டு மூன்று முறை உட்கார்ந்து பேசுவார். நாமும் வேலை கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று அளவுகளோடு தரைத்தளப் பிளானையும், வண்ணத்தில் ஒரு த்ரீ-டி எலிவேஷனையும் (முகப்புப் படம்) வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவோம். "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று போனவர் திரும்பி வர மாட்டார். சில மாதங்களில் அந்த எலிவேஷன், சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி எடுத்த ஒரு கான்ட்ராக்டரின் கையில் எழும்பிக்கொண்டிருக்கும். இதில் மேஸ்திரியைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கையில் கொடுத்த தாளைப் பார்த்துத்தான் அவர் கட்டுகிறார். படித்துப் பட்டம் பெற்றவர்கள் செய்வதுதான் எனக்கு அதிகக் கோபம் தருகிறது. எங்கள் அலுவலகத்திலிருந்து போன ஒரு வரைபடம், பெயர்ப்பட்டை நீக்கப்பட்டு, வேறொருவரின் முத்திரையோடு ஒப்புதலுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். படிக்கட்டுக்குக் கீழே நாங்கள் எழுதியிருந்த குறிப்பின் எழுத்துப் பிழைகூடத் திருத்தப்படவில்லை. இத்தகைய வழக்குகளில் இப்படிப்பட்ட பிழையே வலுவான சாட்சி என்பதை இளையவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அந்த முத்திரைக்காரர் பதிவு பெற்ற கட்டடக் கலைஞராக இருந்தால், 1989ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதிகளின்படி கட்டடக்கலை மன்றத்தில் புகார் செய்யலாம். இல்லையென்றால் அந்த வழியும் கிடையாது. கட்டடக் கலைஞர் என்ற பட்டப்பெயரைத்தான் 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டம் காக்கிறது, அந்தத் தொழிலைப் பிறர் செய்வதை அது தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கிவிட்டது.

59ஆம் பிரிவுக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு குடும்பம் கடன் வாங்கிக் கூரை வரை எழுப்பிவிட்ட வீட்டை, முகப்பு ஒத்துப்போகிறது என்பதற்காக இடிக்கச் சொல்வது கொடுமை. ஆனால் கான்கிரீட் ஒரு சட்டிகூடப் போடாத நிலையிலும், வேலை "தொடங்கிவிட்டது" என்ற ஒரே காரணத்தால் கதவை மூடுவதில் என்ன நியாயம் இருக்கிறது? குடும்பத்தின் வீட்டையும் விற்பனைக்கான அடுக்குமாடியையும் ஒரே தட்டில் வைப்பதில்தான் என்ன நியாயம்? சீனாவில் கட்டடக் கலைஞர் ஸாஹா ஹதீத் பெய்ஜிங்குக்காக வடிவமைத்த வாங்ஜிங் சோஹோ கோபுரங்கள் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோதே, சோங்சிங் நகரில் அவற்றைப் போன்ற கட்டடம் ஒன்று எழும்புவதாக 2012இல் பெரும் சர்ச்சை கிளம்பியது. அசல் முந்துமா நகல் முந்துமா என்று உலகமே வேடிக்கை பார்த்தது. அத்தகைய பெரும் வணிகக் கட்டடத்துக்கு, ஏழைக் குடும்பத்தின் வீட்டுக்குக் காட்டும் இரக்கத்தைக் காட்ட வேண்டியதில்லை.

நம் நீதிமன்றங்களும், நிலத்துக்கும் படைப்புக்கும் இடையே மோதல் வரும்போது நிலத்தின் பக்கமே சாய்கின்றன. கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால் வடிவமைத்து 1972இல் டெல்லி பிரகதி மைதானத்தில் எழுந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சிக் கூடம், 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. படைப்பாளிக்குள்ள சிறப்பு உரிமையை (தன் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை) காட்டி அவர் தொடுத்த வழக்கை, நில உரிமையாளர் இடிப்பதை அந்த உரிமை தடுக்காது என்று கூறி டெல்லி உயர் நீதிமன்றம் 2019இல் தள்ளுபடி செய்தது. அது திருட்டு வழக்கு இல்லைதான். ஆனாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது அதில் தெரிகிறது.

அப்படியானால் மிஞ்சியிருப்பது நஷ்டஈடு மட்டுமே. கட்டணமே பேசப்படாத, கையெழுத்தே இல்லாத ஒரு வேலையில் நமக்கு ஏற்பட்ட நஷ்டம் எவ்வளவு என்பதை எதை வைத்து நிறுவுவது? என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. பாதுகாப்பு என்பது வரைபடம் நம் கையை விட்டுப் போவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டிய வேலை. ஒப்பந்தமும் முதல் தவணையும் இல்லாமல் அளவு போட்ட பிளான் வெளியே போகக் கூடாது. பேச்சுவார்த்தைக்குக் கையால் வரைந்த ஸ்கெட்ச் போதும். ஒப்பந்தத்தில் எந்த மனை, எத்தனை கட்டடம், இடையில் விலகினால் யார் எதை வைத்துக்கொள்ளலாம், இரண்டாவது முறை கட்டினால் என்ன கட்டணம் என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். எளிதில் திருத்தக்கூடிய ஆட்டோகேட் கோப்பை வெளியே தராமல் பிடிஎஃப் மட்டும் தருவது நல்லது. அதையும் தேதி பதிவாகும் மின்னஞ்சலில் அனுப்புவது மேல். முக்கியமான வேலைகளைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்துவிடலாம். ஒரு கலைப் படைப்புக்கான கட்டணம் 500 ரூபாய்தான், அந்தப் பதிவேடு நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாகும், அதாவது தவறென்று நிறுவப்படும் வரை ஏற்கப்படும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: திருட்டுக்குப் பயந்து, வேலை நடக்கும் தளத்துக்கு அரைகுறை வரைபடம் கொடுக்காதீர்கள். கம்பி கட்டுகிறவருக்கு முழு விவரம் போகாவிட்டால் பாதிக்கப்படுவது கட்டடம்.

சட்டத்தில் வேண்டிய மாற்றமும் பெரிதல்ல. பேஸ்மட்டம் எழும்பும் வரையாவது தடை கோரும் உரிமை இருக்கட்டும். விற்பனைக்காகக் கட்டுகிறவர்களுக்கு 59ஆம் பிரிவின் அடைக்கலம் கூடாது. அது நடக்க ஆண்டுகள் ஆகலாம். அதுவரை, கட்டட அனுமதி வழங்கும் அலுவலகங்கள் விண்ணப்பத்தில் ஒரு வரியைச் சேர்த்தாலே போதும்: இந்த வரைபடத்தை வடிவமைத்தவர் இன்னார், அவருடைய சம்மதம் பெறப்பட்டது என்று கையெழுத்திடுபவர் உறுதி கூறும் வரி. வானம் தோண்டுவதற்கு முன்னால், நமக்கு இன்னும் தடை கோரும் உரிமை இருக்கும் நேரத்தில், வரைபடம் ஓர் அரசு மேசையைக் கடந்து போவது அங்கே மட்டும்தான்.