அந்தப் புள்ளிகள் ஓவியர் வைத்தவை அல்ல

பழைய வார இதழ்த் தொடர்கதைப் படத்தில் தெரியும் புள்ளிகளை ஓவியரே பேனாவால் ஒவ்வொன்றாக வைத்தார் என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அப்படி வரைந்தவர்களும் உண்டுதான். ஆனால் அவர் சொல்லும் படத்தில் இருப்பவை ஆஃப்டோன் (halftone) புள்ளிகள், அதாவது அச்சிடுவதற்காகப் படத்தையே சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக மாற்றியவை.

ஓவியர் தந்தது மையைக் கரைத்துத் தூரிகையால் தீட்டிய படம். பிளாக் (படத்தை அச்சிட உதவும் உலோக அச்சு) செய்பவர் அதைக் கட்டம் போட்ட கண்ணாடித் திரை வழியாகப் படமெடுத்து, உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்தார். அச்சு மையில் அரைக் கறுப்பு என்று ஒன்று கிடையாதே! புள்ளியைச் சிறிதும் பெரிதுமாக்கித்தான் சாம்பல் நிறம் காட்ட முடியும்.

சோதிக்க, 10 மடங்கு பெருக்கும் கண்ணாடி போதும். புள்ளிகளின் மையங்கள் சம இடைவெளியில், பெரும்பாலும் 45 டிகிரி சாய்ந்த வரிசையில் இருக்கும்; அளவு மட்டும் மாறும். கன்னத்தின் வெளிச்சப் பக்கம் ஊசிமுனைப் புள்ளி. கூந்தலுக்குப் போனால் அவை ஒட்டிக்கொண்டு, நடுவில் வெள்ளைப் பொட்டு மட்டும் மிஞ்சும். கையால் வைத்த புள்ளிகளுக்கு இந்த ஒழுங்கு வராது.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். அதைச் சுருக்கும்போதே புள்ளிகள் குழம்பி, இல்லாத அலைக்கோடுகள் தெரியும். அச்சான தாளே வேண்டும். திருவல்லிக்கேணி பழைய புத்தகக் கடைகளிலோ தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ தேடிப் பாருங்கள்.