அம்மாக்கள் எடை தூக்கட்டும்

போன வருஷம் குலதெய்வக் கோயில் பொங்கலில் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்து எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அம்மா மட்டும் இலையை மடித்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று நினைத்தேன். கிட்டே போனதும் யாருக்கும் கேட்காத குரலில், "கையக் குடுப்பா, எந்திரிக்க முடியல" என்றார்.

அம்மாவுக்கு 67 வயது. பத்து வருஷமாகத் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறவர். மழை பெய்தால் ஹாலுக்குள்ளேயே எட்டு போடுவார். சுகர் கட்டுக்குள்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் வாக்கிங்குக்கு உதாரணம் காட்டுவதென்றால் அவரைத்தான் காட்டுவார்கள். அவருக்குத்தான் தரையிலிருந்து எழுந்திருக்க வரவில்லை.

நம் ஊரில் நாற்பது தாண்டியவருக்கு உடற்பயிற்சி என்றால் நடைதான். டாக்டரும் அதைத்தான் சொல்கிறார், பூங்காவில் மாநகராட்சி போட்டுவைத்திருப்பதும் நடைபாதைதான். நம் சுகாதாரத் துறை 2023இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டமும் எட்டு கிலோமீட்டர் நடைதான். எடை தூக்குவது என்றால் சட்டைக் கையை மடித்துவிட்டு செல்ஃபி எடுக்கிற இருபத்திரண்டு வயதுப் பையன்களின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட்டோம். என் கட்சி இதற்கு நேர் எதிர். அந்தப் பையன் ஒரு வருஷம் ஜிம்முக்குப் போகாவிட்டாலும் குடி முழுகாது. எடை தூக்கியே ஆகவேண்டியவர் அவனுடைய பாட்டி.

நடையைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். உடலுழைப்பும் இதயமும் பற்றிய ஆராய்ச்சிக்குப் பிள்ளையார் சுழி போட்டதே ஏறி இறங்கி நடந்தவர்கள்தான். லண்டன் மாடிப் பேருந்துகளில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் டிக்கெட் கொடுக்கப் படியேறிக்கொண்டே இருப்பார். டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, அதனால் நேரும் சாவும் குறைவு என்று ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953இல் எழுதினார். (சென்னை கண்டக்டர்களை வைத்து இதே ஆராய்ச்சியைச் செய்திருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. பின்வாசல் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, காசைக் கைமாற்றி அனுப்பச் சொல்கிறவர்கள் அவர்கள்.) அப்புறம் நம் சென்னையிலேயே டாக்டர் ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்றிருந்த 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டது. சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று மாற்றிக்கொண்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய இதே அளவுதான் பலன்.

ஆக, நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சேர்ந்தால் மாத்திரைக்குச் சமம். ஆனால் நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் செய்கிற உதவியைத் தொடைச் சதைக்குச் செய்வதில்லை. நடக்கும்போது தொடை தன் பலத்தில் கொஞ்சத்தைத்தான் செலவழிக்கிறது. பலம் ஏறவேண்டுமானால் சதை திணற வேண்டும். முப்பது வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை சதை கரைகிறது, அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. வயிற்றில் ஏறுகிற கொழுப்பு கண்ணுக்குத் தெரியும். தொடையில் இறங்குகிற சதை, தரையில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் தெரியும்.

கரைந்தது திரும்புமா? 1990இல் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர், பாஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பத்துப் பேரைச் சேர்த்தார். சராசரி வயது 90. அவர்கள் கையில் அரைக் கிலோ டம்பெல்லைக் கொடுத்து விளையாட்டுக் காட்டவில்லை. ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற உச்ச எடை எவ்வளவோ, அதில் 80 சதவீதத்தைக் காலால் தூக்கவைத்தார். வாரம் மூன்று நாள், எட்டு வாரம். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதிருந்த மூவரில் ஒருவர் எழுந்தார். பயிற்சியை நிறுத்தி நாலே வாரத்தில் அந்தப் பலத்தில் 32 சதவீதம் போய்விட்டது என்பதும் அதே கட்டுரையில்தான் இருக்கிறது. அதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் அதற்கு வருகிறேன்.

எலும்பு கதையும் இதுதான். மாதவிடாய் நின்றபின் எலும்பு அடர்த்தி குறைந்த பெண்ணுக்கு நாம் சொல்கிற முதல் வார்த்தை, "எதையும் தூக்காதீங்க." எங்கள் அம்மாவுக்கும் ஒரு டாக்டர் இதையேதான் சொன்னார், குடத்தைக்கூடத் தொடாதீர்கள் என்று. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட 101 பெண்களை வைத்து ஒரு சோதனை செய்து 2018இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேர் வாரம் இரண்டு நாள், அரை அரை மணி நேரம், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, தரையிலிருந்து கம்பியோடு கனமான எடையைத் தூக்கினார்கள். மறுபாதிப் பேர் வீட்டிலேயே லேசான பயிற்சி செய்தார்கள். எட்டு மாதத்தில் கனம் தூக்கியவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் ஏறியது, லேசாகச் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் இறங்கியது. பயிற்சியாளர் பக்கத்தில் நின்றார் என்பதையும் சேர்த்தே படியுங்கள். எலும்பு முறிந்தவரும் பிரஷர் கட்டுக்குள் இல்லாதவரும் இதைப் படித்துவிட்டு நாளைக்கே கேஸ் சிலிண்டரைத் தூக்கிவிட்டு என்னைத் திட்டக்கூடாது.

இந்தியர்களுக்கு எடைப்பயிற்சி இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். 2004இல் லான்செட் இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயின் யாஜ்னிக், இன்னொருவர் ஆங்கிலேயரான யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, ஒன்றுதான், 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்கிற ஒரு பெரிய கிடங்கு சதை. நம் ஆட்களுக்கு அந்தக் கிடங்கே சின்னது. எனக்கு 41 வயதில் சுகர் எல்லைக்கோட்டைத் தொட்டபோது, "ஒல்லியாத்தானே இருக்கீங்க, உங்களுக்கு எப்படி?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒல்லியாக இருந்ததால்தான் வந்ததோ என்னவோ. நடை, எடை இரண்டையும் செய்கிறவருக்குக் கூடுதல் லாபம் என்பதற்கும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் லூசியானாவில் 262 சர்க்கரை நோயாளிகளை வைத்து நடத்திய சோதனையில், நடை மட்டும் நடந்தவர்களுக்கும் எடை மட்டும் தூக்கியவர்களுக்கும் மூன்று மாதச் சராசரி சர்க்கரை சொல்லிக்கொள்கிற மாதிரி இறங்கவில்லை. நேரத்தைப் பிரித்து இரண்டையும் செய்தவர்களுக்குத்தான் இறங்கியது.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம் கிளம்பும். அந்தக் காலத்தில் அம்மி அரைத்தோம், உரல் குத்தினோம், இளவட்டக்கல் தூக்கினோம், ஜிம் எதற்கு என்று. இளவட்டக்கல்லைத் தூக்கியது மாப்பிள்ளைகள். உரலில் குத்திய என் அப்பத்தா அறுபது வயதில் கூன் விழுந்து தரையைப் பார்த்து நடந்தார். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. பயிற்சியில் கனம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், நடுவில் ஓய்வு உண்டு, வயிறு நிறையச் சாப்பாடும் உண்டு. நாள் முழுக்கச் செங்கல் சுமக்கிற சித்தாளுக்கு இந்த மூன்றும் கிடையாது. வேலையில் படுகிற பாடு உடம்புக்கு அதே நன்மையைத் தருவதில்லை என்று டென்மார்க்கில் ஹோல்டர்மன் போன்ற ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்காக எழுதி வருகிறார்கள். சித்தாளம்மாவிடம் போய் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்கிறவனுக்கு வெட்கம் வேண்டும். அவருக்கு வேண்டியது ஓய்வும் கூலியும்.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அம்மாவை ஒரு ஜிம்முக்குக் கூட்டிப்போனேன். மாஸ்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு சைக்கிளே போதும் சார்" என்றார். ஸ்பீக்கர் சத்தத்தில் அம்மா காதைப் பொத்திக்கொண்டார். அன்றோடு சரி.

அப்புறம் பிசியோதெரபி படித்த ஒரு பெண் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, எட்டுத் தடவை, மூன்று சுற்று. எழும்போது மூச்சை விடவேண்டும், பிடித்துவைத்தால் பிரஷர் எகிறும். இரண்டு வாரத்தில் எட்டு என்பது பன்னிரண்டு ஆனது. இனி கையில் எடை வேண்டும் என்றார் அந்தப் பெண். டம்பெல் வாங்குகிறேன் என்றேன். அம்மா கேட்கவில்லை. என் பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, மணலை நிரப்பி, இரண்டு பக்கமும் தையல் மிஷினில் ஓட்டி, மேலே ஒரு காதும் வைத்துவிட்டார். பலசரக்குக் கடை அண்ணாச்சியின் தராசில் போட்டால் நாலு கிலோ இருநூறு. "என்ன சார், மணல் யாவாரமா?" என்றார் அண்ணாச்சி.

அதை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவார். ஐந்து மாதத்தில் இன்னொரு ஜீன்ஸ் போனது, ஏழு கிலோ. மாசியில் ஒருநாள் பூஜை அறையில் விளக்கைத் துடைத்துவிட்டு, சுவரைத் தொடாமல் எழுந்து வந்தார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

சித்திரையில் அக்கா வீட்டுக்குப் போனார். மூன்று வாரம் பேரப்பிள்ளைகளோடு, பை இல்லாமல். திரும்பி வந்த மறுநாள் ஏழு கிலோவோடு ஆறாவது தடவையிலேயே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு பாஸ்டன் முதியவர்களின் 32 சதவீதம் ஞாபகம் வந்தது. அவரிடம் சொல்லவில்லை. அவராகவே எழுந்து போய்ப் பழைய நாலு கிலோ பையைத் தேடினார். அதன் தையல் ஒரு பக்கம் விட்டிருந்தது. ஊசியில் நூலைக் கோத்துத் தரச்சொல்லி என்னிடம் நீட்டினார்.