செல்வந்தருக்கு ஒரு கூடை

சித்திரைப் புத்தாண்டும் நத்தாரும் நெருங்கும்போது கிளிநொச்சிக் கடைகளின் முன்னால் செலோபேன் தாள் சுற்றிய ஹம்பர் கூடைகள் அடுக்கடுக்காக வந்து நிற்கத் தொடங்கிவிடுகின்றன. வசதி குறைந்த உறவினர் வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்பதில் நமக்குக் குழப்பம் இல்லை. பால்மாவும் சீனியும் பிள்ளைகளுக்குப் பிஸ்கற்றும் வாங்கினால் போதும், அவை அன்றைக்கே பயன்படும். வசதியானவருக்குக் கொண்டுபோவதில்தான் நாம் தடுமாறுகிறோம். அந்தத் தடுமாற்றத்தில், நாமே ஒரு நாளும் உண்டு பார்த்திராத பொருள்களை, அவற்றின் மினுக்கத்தை மட்டும் நம்பிக் காசு கொடுத்து வாங்கிவிடுகிறோம். நானும் அப்படி வாங்கியவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் என் பெரியம்மாவின் மகளும் அவருடைய கணவரும் இருக்கிறார்கள். அத்தான் நல்ல வியாபாரி. என் இளைய மகன் கொழும்பில் படித்த நான்கு ஆண்டுகளும் தங்கள் வீட்டு மேல்மாடியில் அவனுக்கு அறை கொடுத்தவர்கள். வாடகை என்ற சொல்லையே எடுக்க விடாதவர்கள். அவன் படிப்பு முடித்த ஆண்டு, சித்திரைக்கு முன்னர், 14,500 ரூபாவுக்கு ஒரு ஹம்பர் வாங்கிப் பேருந்தின் பொருள்தட்டில் வைத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனேன். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலை நான் சொல்லத் தேவையில்லை. சொக்லேட்டை இறுக்கமாக வைத்திருக்கும் கொக்கோக் கொழுப்பு ஏறத்தாழ 34 பாகையில் உருகிவிடும். பேருந்தின் தட்டில் அந்த வெப்பம் வவுனியாவைத் தாண்டுவதற்கு முன்னரே வந்திருக்கும்.

கூடையை அக்கா என் கண் முன்னாலேயே பிரித்தார். பொன்னிறத் தாள் சுற்றிய சொக்லேட் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தன. மேலே ஒரு நீலத் தகரப்பேணி வெண்ணெய்ப் பிஸ்கற், ஒலிவ் காய்ப் போத்தல் ஒன்று, ஓட்ஸ், உடனடிக் கோப்பி, பழச்சாறு. அவற்றை எடுத்து வைத்ததும் கூடையின் கீழ்ப்பாதி முழுவதும் கசக்கிய செய்தித்தாளும் அதற்கு மேலே வைக்கோல்போல் நறுக்கிய வண்ணக் காகிதமும் இருந்தன. அக்கா ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், “தம்பி, உதெல்லாத்தையும் ஏன் காவிக்கொண்டு வந்தனீர்?” என்று மட்டும் கேட்டார். மாடிப்படிக்குக் கீழே அதே அளவான, அதே நீலப் பேணி தெரியும் ஆறு கூடைகள் பிரிக்கப்படாமலே இருந்ததை நான் கை கழுவப் போகும்போது கண்டேன். அவை எங்கே போகும் என்று கேட்கவில்லை. வேலைக்கு வருபவருக்கும் வாகனமோட்டிக்கும் காவலாளிக்கும் போகும் என்று ஊகிக்கத் தெரியாத வயதில்லை எனக்கு. அவர்களுக்குப் போவது நல்லதுதான். ஆனால் நான் அதற்காகப் பேருந்தில் எட்டு மணித்தியாலம் ஒரு கூடையை மடியிலும் தட்டிலும் மாற்றி மாற்றி வைக்கவில்லை.

இதற்கு மாற்றாக முகநூலில் எல்லாரும் சொல்லும் ஒரு விடை இருக்கிறது: ஊர்ப்பொருள் கொடுங்கள், மண்வாசனை கொடுங்கள் என்பது. நான் அதையும் முழுமையாக ஏற்கவில்லை. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து திரும்புகின்ற உறவினர் ஒவ்வொருவரின் பெட்டியிலும், அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், நான்கு வீட்டிலிருந்து நான்கு தேன்போத்தல்கள் ஏறுகின்றன. ஒரு சாராயப் போத்தல் நிறையத் தேன், போத்தலின் நிறை சேராமலே, ஒரு கிலோவுக்கு மேல் வரும். நெய்யையும் தயிரையும் சுவிசுக்கோ ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கோ இங்கிருந்து பயணப்பெட்டியில் கொண்டுபோக அனுமதியே இல்லை. இறைச்சி வற்றலுக்கும் அதே நிலைதான். அப்படியிருக்க, நல்ல எருமை நெய்யைப் பாசத்தோடு கட்டிக் கொடுத்து, அவர் அதைச் சுங்கத்தில் விட்டுவிட்டுப் போவதை நாம் கொடை என்று எண்ணிக்கொள்கிறோம். ஹம்பரை வாங்குகிறவரும் தேன்போத்தலைத் திணிக்கிறவரும் பெறுகிறவரின் வீட்டை நினைத்துப் பார்க்கவில்லை என்பதில் ஒன்றுதான்.

அடுத்த தையில் நான் வேறு விதமாகச் செய்தேன். முதலில் அக்காவுக்கு அழைப்பெடுத்து, யார் யார் வீட்டில் இருக்கிறீர்கள், யாருக்கு எது ஆகாது என்று வெளிப்படையாகவே கேட்டேன். செல்வந்தரிடம் இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சைவ உணவு மட்டும் உண்ணும் வீட்டுக்கு மதுபானம் உள்ளே வைத்த சொக்லேட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது அதைவிட மரியாதைக் குறைவு. அத்தானுக்குப் பல ஆண்டுகளாகச் சலரோகம் என்று தெரிந்தது. அவர்களுடைய மகளும் கைக்குழந்தையோடு வந்து நிற்கிறார். தேனும் பனங்கட்டியும் சீனியைப்போல் கெடுதல் செய்யா என்று சொல்லிக் கொடுக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அது உண்மையன்று, சலரோகக்காரரின் குருதியில் அவையும் சீனியாகவே ஏறும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டு வைப்பதும் ஆபத்தானது. ஆகவே இனிப்பு வகை அக்காவுக்கும் பெரிய பேரப்பிள்ளைகளுக்கும் என்று அளந்துதான் போக வேண்டும் என முடிவுசெய்தேன்.

அத்தானுக்கென்று எடுத்தவை இரண்டே பொருள்கள்: பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா அரைக் கிலோவும், முல்லைத்தீவில் தெரிந்த ஒருவர் வீட்டில் காயவைத்த சிறிய இறால் கால் கிலோவும். இரண்டும் கூழுக்கு. கொழும்பிலும் ஒடியல் மா கிடைக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த மா அளவாகக் கைக்கும், எதை எவ்வளவு நேரம் நீரில் ஊறவிட்டுப் பிழிய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும் ஆளோடு சேர்ந்து கடையில் கிடைப்பதில்லை. இறாலில் உப்பும் மணலும் எவ்வளவு என்று ஒன்றைக் கடித்துப் பார்த்தே வாங்கினேன். மணம் வெளியே வராதிருக்க மூன்று உறை போட்டேன். தொடருந்தில் பக்கத்தில் இருந்தவர் அப்படியிருந்தும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

தைப்பூசத்துக்குப் புதிர் எடுப்பது, அதாவது புதிதாக விளைந்த நெல்லை முதன்முதலாக எடுப்பது, எங்கள் பக்கத்து வழமை. அந்த ஆண்டு எங்கள் வயலில் ஒரு சிறு துண்டில் ஆட்டக்காரி நெல் விதைத்திருந்தோம். அதில் மூன்று கிலோவைக் குத்தித் தவிட்டு நிறம் முழுவதும் போகாத பச்சையரிசியாக எடுத்தேன். புதிர் அரிசிக்கு விலை என்று ஒன்று கிடையாது. வயலில்லாத வீட்டில் அதற்கு ஈடாக எதையும் வாங்கி வைக்கவும் முடியாது. அக்கா பிறந்து வளர்ந்தது எங்கள் பக்கத்து வயலூரான முரசுமோட்டையில் என்பதால் இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. வேறொரு செல்வந்தருக்கு, உதாரணமாக வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு மருத்துவருக்குக் கொடுப்பதாயின் இந்த அரிசி வெறும் சுமையாகிவிடும். அவருக்கு நான் கறுவாவைத்தான் எடுப்பேன். அல்பா எனப்படும் மிக மெல்லிய சுருள் வகை, இலங்கையின் தெற்கில் விளைவது, 2022 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடு பெற்றது, நிறையுமில்லை, கெட்டுப்போவதுமில்லை. வன்னிக்காரன் தெற்கின் கறுவாவைக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை.

பனங்கட்டியைக் குட்டானோடுதான் வாங்கினேன், பத்துக் குட்டான். ஓலைக் குட்டானின் விளிம்பில் வழிந்து உறைந்திருக்கும் அந்தக் கருஞ்சிவப்புப் பாகைச் சுரண்டித் தின்னாத பிள்ளை எங்கள் காலத்தில் இருந்ததில்லை. நல்ல கட்டியை உடைத்தால் உள்ளே கசிவில்லாமல் மணிமணியாக உதிரும். சீனி கலந்து காய்ச்சியது நாக்கில் வெறும் இனிப்போடு நின்றுவிடும், பின்னால் வரும் அந்தச் சிறு உவர்ப்பு அதில் இருக்காது. இவற்றையெல்லாம் வைக்கப் பிரம்புக் கூடை வாங்கவில்லை. ஓலைப் பின்னல் தெரிந்த ஓர் அம்மாவிடம் இரண்டு வாரம் முன்னரே சொல்லி, ஒரு மூடல்பெட்டி இழைப்பித்தேன். பெட்டி சிறியதாக இருந்தது எனக்கு நன்மையாயிற்று. வீட்டில் இன்னும் எள்ளுருண்டை, புழுக்கொடியல், பனாட்டு என்று மனைவி எடுத்து வைத்திருந்ததில் பாதிக்கு மேல் உள்ளே போகாததால் வெளியே நின்றுவிட்டது.

தேனில்தான் பிழைவிட்டேன். ஒட்டுசுட்டான் பக்கத்தில் காட்டுத்தேன் எடுக்கும் ஒருவரிடம் நேரே போய் வாங்கியது. தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது, தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது ஆகிய சோதனைகள் எதையும் நான் நம்புவதில்லை. சீனிப்பாகு அவற்றையெல்லாம் கடந்துவிடும். தேன் அடியில் உறைந்திருந்தால் கலப்படம் என்று ஒதுக்குவதும் தவறு, நல்ல தேனும் உறையும். எடுக்கிற கையைத் தெரிந்திருப்பதே ஒரே உறுதி. அந்தக் கை நல்ல கைதான். ஆனால் தேன் சிறிது முந்தி எடுத்தது, நீர்த்தன்மை கூடியது, அப்படிப்பட்ட தேன் புளித்து நுரைக்கும் என்று அறிந்திருந்தும் நான் போத்தலைக் கழுத்துவரை நிரப்பி மூடியை இறுக்கிவிட்டேன். வெள்ளவத்தையில் பெட்டியைத் திறந்தபோது மூடி தளர்ந்து, அரிசிப் பையின் ஒரு பக்கம் முழுவதும் தேனில் ஊறியிருந்தது. நான் பேச்சற்று நின்றேன். அக்கா ஈர அரிசியில் நான்கு மணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “இனிப் புக்கைக்குச் சர்க்கரை போடத் தேவையில்லை, தம்பி” என்றார். அத்தானுக்கென்று காய்ந்த பக்கத்து அரிசியை வேறாக அளந்து வைத்துவிட்டு, அன்று மாலையே மற்றதைப் பொங்கினார்கள்.

வருகிற தைக்கும் பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது. தேனை இம்முறை முக்கால் போத்தலுக்கு மேல் விடுவதில்லை. அரிசியோடு ஒரே பெட்டியில் வைப்பதுமில்லை.