5ஆம் பிரிவில் மீன்பிடி உரிமை இல்லை

“1974 கச்சத்தீவு ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவே மீன்பிடி உரிமை தருகிறது, அதைக் காட்டிக் கொழும்பிடம் பேசினால் போதும்” என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து மூலத்தைப் படியுங்கள். அந்தப் பிரிவில் இருப்பது, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரும் அனுமதி மட்டுமே. ‘மீன்பிடித்தல்’ என்ற சொல்லே அதில் கிடையாது. 6ஆம் பிரிவு படகுகளின் பாரம்பரிய உரிமையைச் சொல்கிறது, வாதாட இடமிருந்தால் அங்கேதான்.

குழப்பம் எங்கிருந்து வருகிறதென்றால், 1974 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அன்றைய இந்திய வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மீன்பிடி உரிமையும் காக்கப்பட்டதாகச் சொன்னார். அது அமைச்சரின் விளக்கம், ஒப்பந்த வாசகம் அல்ல. தவிர, 1976 மார்ச் 23 அன்று இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் பரிமாறிய கடிதம், இலங்கையின் வெளிப்படையான அனுமதியின்றி அதன் கடலில் இந்தியப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்கிறது. 1974 ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போனால், எதிர்த்தரப்பு முதலில் மேசையில் வைப்பது இந்தக் கடிதத்தைத்தான்.