பெயரை மாற்றினால் நஞ்சு விலகிவிடாது

"பிபிஏ இல்லை" என்று ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டிலைப் பார்த்ததும் பலருக்கு நிம்மதி வருகிறது. எனக்கு ஒரு கேள்விதான் வருகிறது: சரி, பிபிஏ என்ற அந்த வேதிப்பொருளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன போட்டார்கள்? நான் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஆனால் இதைக் கேட்க வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

பொருள் வாங்கும்போது தரும் பில்லை எடுத்து நகத்தால் அழுத்தி ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கறுப்பாகக் கோடு விழுந்தால் அது தெர்மல் பேப்பர். அந்த அச்சு இயந்திரத்தில் மை கிடையாது. தாளின் மேற்பூச்சிலேயே நிறமில்லாத ஒரு சாயமும், அதைக் கறுப்பாக்கும் இன்னொரு பொருளும் அருகருகே திடமாகக் கிடக்கின்றன. சூடு பட்டதும் இரண்டும் உருகிக் கலக்கின்றன, எழுத்து தெரிகிறது. நகம் உரசும் சூடே போதும். அந்த இரண்டாவது பொருளாகப் பல காலம் இருந்தது பிஸ்ஃபீனால் ஏ, அதாவது பிபிஏ. கெட்டி பிளாஸ்டிக்கில் அது நீண்ட சங்கிலியில் ஒரு கண்ணியாகக் கட்டுண்டு கிடக்கும். தாளில் அப்படி இல்லை. தனித்தனி மூலக்கூறாக, நுண்ணிய தூளாக இருக்கிறது. விரலில் ஒட்டும், தோல் வழியாக உள்ளே போகும். நாள் முழுக்கப் பில் கிழித்துக் கொடுக்கிற காசாளரின் விரல்களை நினைத்துப் பாருங்கள்.

பிபிஏ மூலக்கூறின் இரண்டு முனையிலும் ஃபீனால் வளையம் இருக்கிறது. நம் உடலின் ஈஸ்ட்ரஜன் ஹார்மோனிலும் அப்படியொரு வளையம் உண்டு. அதனால் ஹார்மோனுக்கென்று செல்லில் இருக்கும் ஏற்பியில் இதுவும் போய் உட்கார்ந்துகொள்கிறது. நேற்று வந்த செய்தி இல்லை இது. 1936லேயே எட்வர்ட் சார்லஸ் டாட்ஸும் வில்ஃப்ரிட் லாசனும், செயற்கை ஈஸ்ட்ரஜன் தேடிய ஆராய்ச்சியில், இது ஹார்மோன் போல வேலை செய்கிறது என்று எழுதி வெளியிட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பிளாஸ்டிக், டப்பாக்களின் உட்பூச்சு, தாள் என்று உலகமெங்கும் பரவியது.

2020 ஜனவரியில் இருந்து தெர்மல் பேப்பரில் எடைக்கு 0.02 சதவீதம் அல்லது அதற்கு மேல் பிபிஏ இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது. நல்ல சட்டம். ஆனால் தாள் செய்கிறவர்களில் பலர் பிஸ்ஃபீனால் எஸ்ஸுக்கு மாறிக்கொண்டார்கள். அதே இரண்டு ஃபீனால் வளையம். நடுவில் கார்பன் இருந்த இடத்தில் கந்தகம், அவ்வளவுதான். 2023 ஜனவரியில் அதே ஒன்றியம் பிஸ்ஃபீனால் எஸ்ஸையும் மிகுந்த கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. இனப்பெருக்கத்துக்குக் கேடு, ஹார்மோன் அமைப்பைக் குலைப்பது என்ற அதே காரணங்கள். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

இதை ஏதோ ஒரு தொழிலின் தந்திரம் என்று சொல்லிவிட்டுக் கடந்து போவது சுலபம். விஷயம் அதைவிட ஆழமானது. சட்டம் ஒரு மூலக்கூறைப் பெயர் சொல்லித் தடை செய்கிறது. தொழிற்சாலைக்கு அதே இயந்திரத்தில், அதே வெப்பத்தில், அதே வேலையைச் செய்யும் இன்னொன்று வேண்டும். ஒரே வேலை வேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஒரே வடிவம் வேண்டும். வடிவம் ஒன்றென்றால் உடலும் அதை ஒன்றாகவே நடத்தும். பல பொருட்களில் பயன் எந்த இடத்தில் இருந்து வருகிறதோ அதே இடத்தில் இருந்துதான் கேடும் வருகிறது. அங்கே பங்காளியைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

குளிர்பதன வாயுக்களின் கதையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆரம்ப கால ஃப்ரிட்ஜ்களில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு எல்லாம் இருந்தன. கசிந்தால் ஆள் சாவார். அதற்குத் தீர்வாக 1928ல் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் மிட்ஜ்லியின் குழு, கார்பனோடு குளோரினும் ஃப்ளூரினும் சேர்ந்த சிஎஃப்சி வாயுவைக் கொண்டுவந்தது. 1930ல் வேதியியலாளர்கள் கூடிய சபையில் மிட்ஜ்லி அதை மூச்சாக இழுத்து, மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சில்லை, தீப்பிடிக்காது. இரண்டும் உண்மை. அன்று கேட்கத் தெரிந்த கேள்விகள் எல்லாவற்றிலும் அந்த மூலக்கூறு தேறிவிட்டது. எதனோடும் வினைபுரியாத அந்தக் குணம்தான் வினையாகவும் போனது. கீழே எதுவும் அதைச் சிதைக்காததால் நேராக அடுக்குமண்டலம் வரை ஏறிப் போனது. அங்கே புற ஊதாக்கதிர் பட்டுக் குளோரின் பிரிந்து ஓசோனைத் தின்றது. வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974ல் எச்சரித்தார்கள், 1985ல் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் துளை தெரிந்தது, 1987ல் சிஎஃப்சியைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது.

அந்த உடன்படிக்கையை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். மனிதர்கள் சேர்ந்து செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. ஆனால் மாற்றாக வந்தது எது? குளோரினைக் கழற்றிவிட்டு ஃப்ளூரினை வைத்துக்கொண்ட எச்எஃப்சி வாயு. ஓசோன் தப்பித்தது. புவி சூடேறுவதோ நிற்கவில்லை. கார் ஏசிகளில் புழங்கிய எச்எஃப்சி 134ஏ, நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். 2016ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் நாடுகள் கூடி அதையும் குறைப்பதென்று முடிவெடுத்தார்கள். இப்போது அதே ஃப்ளூரின் வழியில் வந்த அடுத்த வகை வாயு, எச்எஃப்ஓ. காற்றில் சில நாட்களிலேயே உடைந்துவிடும், நல்லதுதான். ஆனால் அவற்றில் முக்கியமான ஒன்று உடைந்து டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலமாகி மழையோடு இறங்குகிறது. அந்த அமிலம் அதற்கு மேல் எளிதில் உடையாது, நீரில் சேர்ந்துகொண்டே போகும். கிட்டத்தட்ட நூறு ஆண்டாக ஃப்ளூரினைக் கட்டிக்கொண்டே வழி தேடியிருக்கிறோம்.

இதற்கு நடுவிலேயே இன்னொரு பாதையும் திறந்திருந்தது. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கிரீன்பீஸும் ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியும் சேர்ந்து புரொப்பேன், ஐசோபியூட்டேன் போன்ற சாதாரண ஹைட்ரோகார்பன்களில் ஓடும் ஃப்ரிட்ஜைக் கொண்டுவந்தார்கள். "தீப்பிடிக்குமே" என்று எதிர்த்தார்கள். பிடிக்கும்தான். அதனால் வாயுவின் அளவைக் குறைத்தார்கள், தீப்பொறி வரக்கூடிய பாகங்களை வாயு கசியக்கூடிய இடத்தில் இருந்து பிரித்தார்கள். வீட்டு ஃப்ரிட்ஜுக்குச் சில பத்து கிராம் போதும். இன்று உலகில் புதிதாகச் செய்யும் வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலானவை ஐசோபியூட்டேனில் ஓடுகின்றன. புது மூலக்கூறே தேவைப்படவில்லை, இயந்திரத்தை மாற்றி வடிவமைத்தது போதுமாக இருந்தது.

தெர்மல் பேப்பரிலும் இப்படி ஒரு நல்ல வழி வந்திருக்கிறது. கறுத்த ஓர் அடுக்கின் மேல் ஒளிபுகாத பூச்சு ஒன்று. அந்தப் பூச்சுக்குள் நுண்ணிய காற்றறைகள். சூடு பட்ட இடத்தில் அறைகள் நொறுங்கிப் பூச்சு ஒளி ஊடுருவக்கூடியதாகிறது, அடியில் இருக்கும் கறுப்பு எழுத்தாகத் தெரிகிறது. வேதிவினையே நடப்பதில்லை என்பதால் கறுப்பாக்கும் பொருளும் வேண்டியதில்லை. "பிபிஏவுக்குப் பதில் எந்த ஃபீனால்?" என்று கேட்டிருந்தால் இந்தத் தாள் பிறந்திருக்காது. "சூட்டில் எழுத்து தெரிய வேண்டும், அதற்கு என்ன வழி?" என்று கேட்டதால் பிறந்தது. அதையும் தாண்டி, இந்தப் பில்லைத் தாளில்தான் தர வேண்டுமா என்று கேட்கவும் வழி திறக்கிறது.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் டிடர்ஜென்ட். 1950களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் நுரையால் மூடிக் கிடந்தன. சலவைத்தூளில் இருந்த ஆல்க்கைல்பென்சீன் சல்ஃபோனேட்தான் காரணம். இந்த மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலை ஒன்று, எண்ணெய்ப்பிசுக்கை விரும்பும் கார்பன் வால் ஒன்று. அந்த வாலைப் பெட்ரோலியத்தில் கிடைக்கும் புரொப்பிலீனில் இருந்து மலிவாகச் செய்தார்கள். அப்படிச் செய்தால் வால் நேராக வராது, கிளை கிளையாக வரும். இப்போது ஆற்றில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் பக்கம் நின்று பாருங்கள். அது இந்த வாலை நுனியில் இருந்து இரண்டிரண்டு கார்பனாக வெட்டித் தின்னும். கிளை வந்த இடத்தில் அதன் நொதிக்குப் பிடிமானம் கிடைக்காது, அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். கழிவுநீர் நிலையத்தைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி நுரை பொங்கியது இதனால்தான். 1960களின் நடுவில் வாலை நேராக்கினார்கள். நேரான வால் கொண்ட வகை அழுக்கையும் நீக்கியது, பாக்டீரியாவுக்கும் தீனியானது. நுரை வடிந்தது. இங்கே பயனும் கேடும் ஒரே இடத்தில் இல்லை. அழுக்கை நீக்க வால் வேண்டும், கிளை வேண்டியதில்லை. எது எதற்குத் தேவை என்று பிரித்துப் பார்த்தவர்களுக்கு வழி கிடைத்தது. இதை வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டும்போதெல்லாம் எனக்குள் ஒரு உற்சாகம் வரும். ஒரு மூலக்கூறு எப்படிப் பிறக்க வேண்டும் என்பதோடு எப்படி முடிய வேண்டும் என்பதையும் ஒரு கோட்டில் தீர்மானிக்கலாம் என்றால் அது எவ்வளவு பெரிய அதிகாரம்!

கார்பனும் ஃப்ளூரினும் பிணைந்த பிஃபாஸ் என்ற வேதிப்பொருள் குடும்பத்தில் இது இவ்வளவு சுலபமாக இருக்காது. கரிம வேதியியலில் மிக வலுவான ஒற்றைப் பிணைப்பு கார்பன்–ஃப்ளூரின் பிணைப்பு. எண்ணெயும் நீரும் ஒட்டாமல் இருப்பதற்கும் அந்தக் கட்டமைப்புதான் காரணம், மண்ணிலும் ரத்தத்திலும் அழியாமல் தங்குவதற்கும் அதுதான் காரணம். இந்தக் குடும்பத்தின் பிஎஃப்ஓஏ என்ற பொருளுக்குப் பதிலாக அதே குடும்பத்து ஜென்எக்ஸ் வந்தது. அது உடலில் இருந்து சீக்கிரம் வெளியேறுகிறது, ஆனால் நீரில் இன்னும் சுலபமாகப் பரவுகிறது, சுற்றுச்சூழலில் அழிவதும் இல்லை. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடை செய்தால் இதற்கு முடிவே கிடையாது. 2023ல் ஜெர்மனி, டென்மார்க், நெதர்லாந்து, நார்வே, சுவீடன் ஐந்தும் சேர்ந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிஃபாஸ் பொருட்களை மொத்தக் குடும்பமாகக் கட்டுப்படுத்தச் சொல்லி முன்வைத்த யோசனையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

"மருத்துவக் கருவிகளுக்கு என்ன செய்வது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உடலுக்குள் வைக்கும் செயற்கை ரத்தக்குழாய் அழியாமல்தான் இருக்க வேண்டும். சிஎஃப்சியை ஒழித்தபோதுகூட ஆஸ்துமா இன்ஹேலருக்கு மாற்று தயாராகும் வரை விலக்கு தந்தார்கள். அத்தியாவசியமான இடத்தைத் தனியே குறித்து, கால எல்லையும் வைத்து விலக்கு தரலாம். மழைச் சட்டைக்கும் கறை படியாத சோஃபாவுக்கும் அதே விலக்கைக் கேட்பதைத்தான் என்னால் ஏற்க முடியாது.

இன்னொரு பக்கம், "இயற்கையானது என்றால் பாதுகாப்பு" என்பதையும் நான் ஏற்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் பூமியில் தோண்டி எடுக்கிற கனிமம், ஆர்சனிக்கும் இயற்கைதான். தாவரச் சர்க்கரையில் இருந்து செய்யும் பிஎல்ஏ பிளாஸ்டிக், 60 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு பிடிக்கும் தொழில்முறை உரக்கிடங்கில் மட்கும். கடலில் விழுந்தால் நீண்ட காலம் அப்படியே கிடக்கும். எதில் இருந்து வந்தது என்பதோடு எங்கே போய்ச் சேரப்போகிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

செய்யும் முறையையும் விட்டுவிடக் கூடாது. போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு கசிந்த மெத்தில் ஐசோசயனேட் கடைசியில் விற்கும் பொருளே இல்லை, கார்பரில் பூச்சிக்கொல்லி செய்யும் வழியில் வரும் ஓர் இடைநிலைப் பொருள். அதைத் தொட்டிகளில் டன் டன்னாகச் சேமித்துவைத்திருந்தார்கள். சுமார் 40 டன் வெளியேறியது. அதே மூலப்பொருட்களை வேறு வரிசையில் சேர்த்தால் மெத்தில் ஐசோசயனேட்டே உருவாகாமல் கார்பரில் செய்யலாம். அந்த வழியிலும் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு தேவைப்படும், ஆபத்து மொத்தமாகப் போய்விடாது. ஆனால் அந்த இரவில் தொட்டியில் மெத்தில் ஐசோசயனேட் இருந்திருக்காது. கசிவைத் தடுக்க வைத்த சாதனங்கள் அன்று வேலை செய்யவில்லை. வேலை செய்யாமல் போகக்கூடிய சாதனத்தை நம்பி ஒரு ஊரைப் பணயம் வைக்கும் முறையைத் தாளில் வரையும்போதே நிராகரித்திருக்க வேண்டும். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் 1998ல் பசுமை வேதியியலின் 12 கொள்கைகளை வகுத்தார்கள். கழிவு வந்தபின் சுத்தம் செய்வதைவிட வராமல் தடு, வேலை முடிந்ததும் தீங்கில்லாத பொருளாகச் சிதையும்படி வடிவமை என்றெல்லாம் சொன்னவை. கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. இன்றும் பல இடங்களில் நச்சியல் ஒரு தாள்கூடப் படிக்காமல் வேதியியல் பட்டம் வாங்கிவிட முடிகிறது. புது மூலக்கூறு செய்யும் திறமையைக் கொடுத்துவிட்டு, அது ஈரலில் என்ன ஆகும், மண்ணில் என்ன ஆகும் என்ற கேள்வியை யாரோ வேறு துறைக்காரரிடம் தள்ளிவிடுகிறோம். அவரிடம் அது போய்ச் சேரும்போது தொழிற்சாலை எழும்பி, முதலீடு இறங்கி, பொருள் எல்லோர் கையிலும் வந்திருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்து ஆண்டு வழக்கு.

கம்பெனிகளிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. "இது இல்லை" என்று எழுதும் அட்டையிலேயே "அதற்குப் பதில் இது இருக்கிறது" என்றும் எழுதுங்கள். வியாபார ரகசியம் என்ற பதிலை, நம் தோலில் படும் பொருளுக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என்னைப் போல் பாடம் நடத்தும் நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறேன், இதற்குப் பாடத்திட்டக் குழு கூட வேண்டியதில்லை. மாணவர்கள் ஆய்வகப் பதிவேட்டில் விளைச்சல் சதவீதம் எழுதுகிறார்கள் அல்லவா? அதற்கு அடுத்த வரியில், எந்தக் கரைப்பானை எவ்வளவு கொட்டினோம், உண்டான பொருள் நீரில் போனால் எதனால் எப்படிச் சிதையும் என்று எழுதச் சொல்லுங்கள். பதில் தெரியாத மாணவர் "தெரியவில்லை" என்றே எழுதட்டும். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள், பிறகு பதிலைத் தேடிவரச் சொல்லுங்கள்.