பாசிட்டிவ் என்றதும் பயந்துவிடாதீர்கள்

மார்பகப் புற்றுநோய் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்ற பரிசோதனை முடிவை விளக்காமல் ஒரே வரியில் கடந்துவிட்டது. அந்தச் சொல்லால் எங்கள் வீட்டில் இரண்டு நாள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அக்காவின் பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு சதை எடுத்துச் செய்யும் சோதனை) ரிப்போர்ட்டில் 'ஈ.ஆர். பாசிட்டிவ் 90%, ஆல்ரெட் 8/8' என்றிருந்தது. கொரோனாவுக்குப் பிறகு பாசிட்டிவ் என்றாலே பயம்தானே! நோய் 90 சதவீதம் பரவிவிட்டது என்றே நினைத்தோம். அக்கா பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் தாளே மடிப்பில் கிழிந்துவிட்டது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஈ.ஆர். என்றால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் புரதம். அக்காவின் புற்றுநோய் செல்களில் நூற்றுக்குத் தொண்ணூறில் அது இருக்கிறது. அதனால் அந்த ஏற்பியை அடைக்கும் டமாக்ஸிஃபென் போன்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரைகள் பலன் தர நல்ல வாய்ப்புண்டு. ஆல்ரெட் என்பது ஏற்பியைக் காட்டும் சாயமேற்றிப் பார்த்து லேபில் போடும் மதிப்பெண். அதில் சாயம் ஏறிய செல்களின் விகிதத்துக்கு 5, சாயத்தின் அழுத்தத்துக்கு 3, ஆக மொத்தம் 8. 1 சதவீத செல்களில் ஏற்பி இருந்தாலே பாசிட்டிவ்தான். ஆனால் 1 முதல் 10 சதவீதம் வரை 'லோ பாசிட்டிவ்'. அங்கே மாத்திரையின் பலன் அவ்வளவு உறுதியில்லை. அதனால் வெறும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள், எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பி.ஆர். (புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஹார்மோனின் ஏற்பி), ஹெர்-2 (செல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதம்) முடிவுகளையும் சேர்த்தே கேளுங்கள். பயாப்ஸியில் எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கைப் பத்திரமாக வாங்கி வையுங்கள், வேறு லேபில் மறுபடி பார்க்க அதுதான் வேண்டும்.