பணம் வேண்டாம் என்று சொல்லவும் பணம் வேண்டும்

அந்தக் காணொலியைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். காலையில் ஐந்தாவது ஆளும் கைகூப்பும் இமோஜியோடு அனுப்பியதும் பொறுக்கவில்லை. "நிம்மதிதான் செல்வம், பணம் வெறும் காகிதம்" என்று அதில் மேடையில் நின்று சொல்கிறார் ஒரு பெரிய மனிதர். கட்டுக்கட்டாக வைத்திருப்பவருக்கு அது காகிதமாகத்தான் தெரியும். பணம் வேண்டாம் என்று சொல்லவும் பணம் வேண்டும் ஐயா.

அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை தினம் ஒன்று. ஒருநாள் அவர் அலமாரியில் எதையோ தேடப்போய், ஒரு பழைய பிளேடையும் பொட்டலம் மடித்த பாதி மாத்திரைகளையும் பார்த்தேன். மாதக் கடைசிவரை வரட்டும் என்று ஒவ்வொன்றையும் இரண்டாக அறுத்திருக்கிறார். சரியாக அறுபடாமல் தூளானதைக்கூடத் தனியே மடித்து வைத்திருந்தார். கேட்டால், "பாதியே போதும்மா" என்றார். போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்தாம். அந்த மருந்து அப்பாவிடம் நிறையவே இருந்தது. மற்ற மருந்துதான் பாதி.

"ஆராய்ச்சியே சொல்கிறதே" என்று யாராவது வருவீர்கள். தெரியும். ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று 2010இல் உளவியலாளர் கானமனும் பொருளாதார அறிஞர் டீட்டனும் அமெரிக்கர்களை வைத்துச் சொன்னார்கள். அதுவரை கூடுகிறது என்பதும் அதே ஆய்வுதானே? 2023இல் அதே கானமன், தன்னை மறுத்த ஆய்வாளர் கில்லிங்ஸ்வொர்த்தோடு சேர்ந்து மறுபடி பார்த்தார். பெரும்பாலோருக்கு அதற்கு மேலும் கூடிக்கொண்டேதான் போகிறது. இதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

"பணக்காரர்களுக்கும் துக்கம் உண்டு." உண்டு. அடுத்து?

"அப்போ பணம்தான் எல்லாமா?" நான் எங்கே அப்படிச் சொன்னேன்? அப்பா கடைசியாக மருத்துவமனையில் கிடந்த பதினொரு இரவும் வராந்தா நாற்காலியில் என்னோடு உட்கார்ந்திருந்தது என் தோழி. அவளிடமும் காசில்லை. என் சொத்துக்கணக்கை எழுதச் சொன்னால் முதல் வரியில் அவள் பெயர்தான் வரும். ஆனால் கண் விழித்து விழித்துப் பகலில் வேலைக்குப் போக முடியாமல் அவளுக்கு நாலு நாள் சம்பளம் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கும் காசு வேண்டியிருக்கிறது. மேடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததா?

கோபத்தில் எழுதுகிறேன் என்பீர்கள். ஆமாம், கோபம்தான். அந்தக் காணொலியை எனக்கு முதலில் அனுப்பியவர் எங்கள் சொந்தக்காரர். அந்தப் பதினொரு நாளில் ஒரே ஒரு முறை வந்தார். கார் சாவியைச் சுழற்றியபடி ஐந்து நிமிடம் நின்றார். "பணமா முக்கியம், தைரியமா இரு" என்றார். கடன் கேட்க நான் வாயெடுப்பதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது.